டப்பா பிடித்து வந்தவர்

என் கரும்புக்குத் தண்ணீர் கட்டும் அவர், மடை திறக்குமுன் போர்க்குழாயில் இரண்டு கையும் ஏந்தி வயிறு முட்டக் குடிப்பார். மெலிந்த ஆள், தலையில் எப்போதும் ஈரத்துண்டு.

அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் விஷம் என்று சோதனை முடிவு வந்ததுமே எனக்கு நகம், நாக்கு, முடி எல்லாம் ஒரே நாளில் கெட்டுவிட்டதுபோல் தோன்றியது. உடம்பில் ஏறியிருந்தால் சிறுநீரில் தெரியும் என்றார்கள். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி லேபுக்கு பைக்கில் பறந்தேன். சிறுநீர் டப்பாவைப் பிடிக்க அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அபிஷேகப் பால்போல ஏந்திக்கொண்டு, "மெதுவா போங்க, அலம்புது" என்றபடியே வந்தார்.

ஒரு வாரம் கழித்துக் கரும்புக் கொல்லையில் ரிசல்ட்டை ஆட்டிக் காட்டினேன்.

"இன்னாங்க சொல்லிக்கிறாங்க?"

"ஒண்ணுமே இல்லையாம். நூறு வயசு கேரண்டி!"

"அப்ப நல்ல தண்ணிதாங்க. நான்கூட பயந்துகினு இருந்தேன்" என்று குழாயடியில் குனிந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

"குடிக்காதீங்க! நான் எங்க இதக் குடிக்கிறேன்? வூட்ல கேன் தண்ணிதான?"

"தெரியுங்க. கேனு தூக்கியாந்து வெக்கிறதே நான்தானேங்க. டெஸ்ட்டுக்கு அப்டி ஓடுனீங்களே, இதையும் குடிக்கிறீங்கன்னு நெனச்சிக்கினேன்."

மறுநாள் அவரை லேபுக்கு அழைத்துப்போனேன். பைக்கை அவரை ஓட்டச் சொல்லி, அவருடைய டப்பாவுக்குக் கை நீட்டினேன்.

"அய்ய, நீங்க போய் இதத் தொடறதாங்க" என்று துண்டில் சுற்றி, பழையபடி பின்னால் ஏறி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.