பெரிய குமிழ் வைத்த சின்னக் கடிகாரம்

பழைய பெண்கள் கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் முதலில் குமிழைப் பார்ப்பார்கள். சாவி கொடுக்கப் பக்கவாட்டில் திருகுவோமே, அது. புளியங்கொட்டை அளவுக் கடிகாரத்தில் அந்தக் குமிழ் எள் மாதிரிதான் இருக்க வேண்டும். ஆண்கள் கடிகாரத்துக் குமிழை மாட்டியிருந்தால் ஒட்டு வேலை என்று தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியதைத்தான் நான் தேடிப் போகிறேன்.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர் கடைகள், ஒரத்தநாட்டுச் சந்தை, பழைய சாமான் எடுப்பவர்களின் தகர டப்பா. "என்னம்மா வேணும்?" என்று அவர்களாகக் கேட்கும்வரை நிற்பேன். வாயைத் திறந்து கேட்க எனக்கு இன்னும் கூச்சம்தான். முள்ளின் வடிவம், எண்கள் எழுதியிருக்கும் விதம், பின்மூடியின் தேய்மானம் இவற்றைப் பார்த்து எந்தக் காலத்துக் கடிகாரம் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். பத்தாவதோடு நின்ற படிப்பு எனக்கு. இது பார்த்துப் பார்த்து வந்தது. வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிகாரம் வைத்திருக்கிறேன்.

"ஒண்ணாவது ஓடுதா? எந்த மணியப் பாத்து எனக்குச் சோறு போடப்போற?" என்பார் என் வீட்டுக்காரர்.

நான் தேடுவது ஒரே ஒரு கடிகாரத்தை. அம்மாவின் கண்ணில் புரை விழுந்துவிட்டது. விரலுக்காவது அடையாளம் தெரியும்போதே அதை அவள் கையில் வைத்துவிட வேண்டும் என்று ஆசை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் முனையில் ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, எதிர்ப்பக்கம் சிவப்புக் கொடி. மிராசுதாருக்கும் விவசாயக் கூலிகள் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்து, நடவு வயலிலிருந்து பெண்கள் மாலை ஐந்து மணிக்குக் கரையேறலாம் என்று முடிவாகியிருந்தது. காலையில் இறங்குவதற்கு மணி கிடையாது. வெளுத்ததும் ஆள் வந்து கூப்பிடும். ஏறுவதற்கு மட்டும்தான் மணி. அந்த மணியும் மிராசுதாரின் காரியக்காரர் கையில் இருந்தது. வெயில் சாய்ந்து நிழல் நீண்டாலும் அவர் கையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் அஞ்சாகல" என்பார். அம்மா வீடு வந்து அடுப்பு மூட்டும்போது இருட்டியிருக்கும். தம்பி பாலுக்கு அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருப்பான்.

அறுப்புக் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் நெல் போட்டு, பெண்கள் ஒரு கடிகாரம் வாங்கினார்கள். யாரோ போட்டுக் கழித்த லேடீஸ் வாட்ச். மணி பார்க்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான் என்பதால் அவளிடம் வந்தது. மணிக்கட்டில் கட்டினால் சேறு போகும். பாவாடை நாடாவைக் கோத்து, வங்கி நகை போட்ட மாதிரி மேல்கையில் கட்டிக்கொண்டாள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலுக்கு எள்ளளவுக் குமிழ் பிடிபடவில்லை. ரிப்பேர்காரர் ஆண்கள் கடிகாரத்துக் குமிழ் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்.

காலையில் ரைஸ்மில் சங்கு எட்டு மணிக்கு ஊதும். ஊரே அதைக் கேட்டுத்தான் மணி வைத்துக்கொள்ளும். அம்மாவும் அப்படியே வைத்தாள். மாலையில் பார்த்தால் அவள் கடிகாரமும் காரியக்காரர் கடிகாரமும் அச்சாக ஒன்றாக இருந்தன. காரியக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களாடி? உங்க சங்கத்து மணியும் ஆண்டை மணியும் ஒரே மணி!"

வரப்பில் நடக்கும்போது பெண்கள் அம்மாவைப் பிடுங்கி எடுத்தார்கள். "ஏக்கா, நெல்லக் கொடுத்து அந்தாளுக்கே இன்னொரு சாட்சி வாங்கிட்டு வந்திருக்கோமே!"

"பொம்பள கடிகாரம்ல. மெதுவாத்தான் ஓடும்" என்றாள் இன்னொருத்தி.

ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அப்பாவைத் தேடிப் பஞ்சாயத்து ரேடியோ பக்கம் போனாள். ஆம்பிளைகள் உட்கார்ந்து கேட்கும் இடம். நாங்கள் வேலியோரம் நின்றோம். மாலை ஆறரைச் செய்தி ஆரம்பித்தது. அம்மா மேல்கையைப் பார்த்தாள். ஆறுதான் ஆகியிருந்தது. நின்றுவிட்டதோ என்று காதில் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு மில் சங்கு நினைவுக்கு வந்தது. மில்லும் மிராசுதாருடையதுதான். அது ஊருக்கே தெரியும், ஆனால் சங்கும் அவர் சொற்படி அரை மணி பிந்தி ஊதும் என்று யாரும் யோசித்ததில்லை. ரேடியோ கேட்டவர்களிடம் கடிகாரம் இல்லை. கடிகாரம் வைத்திருந்தவர்கள் பஞ்சாயத்து ரேடியோ பக்கம் வருவதில்லை.

அம்மா குமிழை இழுத்து, ரேடியோவுக்கு மணி வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். அம்மா நிமிர்ந்து மேல்கையைப் பார்த்தாள். கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்தாள். வாய்க்காலில் கை கழுவினாள்.

"எங்க ஏறுற? நாலரைதான் ஆவுது" என்றார் காரியக்காரர்.

"உங்க கையில நாலரைங்க. ரேடியோல அஞ்சு."

வயலில் யாரும் அசையவில்லை. அம்மா முகத்தில் அந்தப் பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பிறகு அவளைக் கேலி செய்தவளே முதலில் ஏறினாள். "வாங்கடி, பொம்பள கடிகாரம் வேகமா ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

சில நாள் எங்கள் தெருவுக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. நாற்று முற்ற ஆரம்பித்ததும் வந்தது. சங்கு கடைசிவரை மாறவில்லை. எங்கள் ஊரில் ரொம்ப நாள் சங்கு மணி, ரேடியோ மணி என்று இரண்டு மணி இருந்தது. பெண்கள் ரேடியோ மணிக்கு ஏறினார்கள்.

கடிகாரம் எல்லாருக்கும் சொந்தம். மற்றவர்களும் அம்மாவிடம் மணி பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, நடவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு யார் முன்னால் போகிறார்களோ அவர்கள் கைக்குப் போகும். அப்படிப் போய்ப் போய் எங்கேயோ போய்விட்டது.

போன மாதம் ஒரு கடையில் பெரிய குமிழ் வைத்த சின்னக் கடிகாரம் கிடைத்தது. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து, "இந்த மாதிரி இன்னும் ரெண்டு கிடக்குது, எடுத்துக்கங்க" என்றார். அப்படி ஒன்று உலகத்திலேயே எங்களுடையதுதான் என்று நினைத்திருந்தேன். இன்னும் எத்தனை ஊரில் எத்தனை பேர் விரல் ஊறிப்போய் குமிழ் மாற்றினார்களோ.

மூன்றையும் அம்மா மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"எதும்மா நம்மளது?"

"தெரியலடி. எல்லாமே அது மாதிரிதான் இருக்கு." ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத கட்டி விடு."

மேல்கையில் நாடா வைத்துக் கட்டினேன். சதை வற்றிய கையில் நழுவியது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"மணி வச்சியா? எதப் பாத்து வச்ச?"

"டி.வி.யப் பாத்தும்மா."

"அஞ்சு ஆனா சொல்லு" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஐந்தானதும் சொன்னேன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கை கழுவப் போனாள்.