இளஞ்சிவப்புத் தண்ணீர்

இந்த வருடம் ஜூன் பன்னிரண்டு, காலை ஏழு நாற்பது, விட்டுவிட்டுத் தூறல். தம்பானூர் ஓட்டலில் இட்லிக்கு முன்னால் தண்ணீர் வந்தது. இளஞ்சிவப்பு நிறம், கை பொறுக்கும் சூடு. எதிரே இருந்த வெளியூர்க்காரர் முகம் சுளித்துத் தம்ளரைத் தள்ளிவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். கொஞ்சம் அதிகமாகவே செய்தேன்.

தென்காசியிலிருந்து இந்த மலையாள ஊருக்குப் படிக்க வந்தபோது, கப்பலேற்றி அனுப்புவதுபோல வீட்டில் அழுதார்கள். லாட்ஜில் விட்டால் கெட்டுப்போவேன் என்று அப்பா தனக்குத் தெரிந்த மலையாளிக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். பேட்டை என்ற பகுதியில், கிணறும் பலாமரமும் உள்ள ஓட்டு வீடு. அலுவலகம் போகும் சார், அவர் மனைவி ஓமனச் சேச்சி, பத்து வயது மகள் பிந்து. ஒரு மாதம் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் நான் ஊருக்குத் திரும்பி அப்பாவின் உரக்கடையில் உட்காருவது என்று ஏற்பாடு. அந்த உர மூட்டை வாடைக்குப் பயந்தே படித்தவன் நான்.

ஆகவே நல்ல பெயர் வாங்கத் துடித்தேன். குண்டரிசிச் சோற்றை மென்று பழகினேன். தலைக்குத் தேங்காயெண்ணெய், மீனுக்கும் அதே எண்ணெய். எது எந்த வாசனை என்று குழம்புவேன். இரவுக் கஞ்சியைப் பலா இலையை மடித்துக் கோரிக் குடிக்க வேண்டும். என் இலை மட்டும் ஒழுகும்.

"அம்மே, பாண்டி அண்ணன் சட்டைக்கும் கஞ்சி கொடுக்குது!" என்பாள் பிந்து. தமிழன் என்றால் அங்கே பாண்டி.

சாப்பாட்டு மேசையில் மூடிபோட்ட பித்தளைப் பானை ஒன்று இருக்கும். பித்தளைத் தம்ளரில் அவர்கள் குடிப்பது என்ன நிறம் என்று தெரியாது; நான் கிணற்றடியிலேயே குடித்துவிடுவேன். மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலையில் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே செந்தண்ணீர். எங்கள் தெருக்குழாயில் முதலில் துரு நிறத்தில்தான் வரும். அதைக் கொட்டிவிட்டுத்தான் குடம் வைப்போம். ஐயோ பாவம், இவர்கள் கவனிக்கவில்லை என்று நினைத்து, கிணற்றடி வாழைக்குக் கொட்டினேன். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிணற்றுநீரை நிரப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே. வீட்டில் சேச்சிக்கும் சாருக்கும் வாய்த்தகராறு நடந்தது. எனக்கு அவ்வளவு வேகமான மலையாளம் புரியாது. நிம்மதியாகப் புட்டு தின்றேன்.

நான்காம் நாள் சாருக்கு வயிற்றுப்போக்கு, விடுப்பு. கிணற்றடியில் கையில் புளியோடு நான் பிடிபட்டேன்.

"இவனாக்கும் கள்ளன்! நான் வெறுதே சாரைத் திட்டினேன். எடா, அது அழுக்கு இல்லடா, பதிமுகம் போட்டுத் திளப்பிச்ச வெள்ளம்!"

பதிமுகம் என்பது ஒரு மரம். அதன் செதிலைப் போட்டுக் காய்ச்சிய குடிநீரைத்தான் நாள்தோறும் வாழைக்கு ஊற்றியிருக்கிறேன். ராத்திரி அதைக் காய்ச்சுவது சார் வேலை. அவர் செதில் போட மறந்துவிட்டார் என்று நினைத்து மூன்று பேரும் பச்சைத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள். உரக்கடை வாடை அப்போதே மூக்கில் அடித்தது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியில் சட்டைகளை அடுக்கினேன்.

"எங்கே போணு?" வயிற்றைப் பிடித்தபடி சார் வாசற்படியில் நின்றார்.

"ஊருக்கு சார்."

"ஓமனே, இவனை விடாதே. இந்தப் பானை இப்படி மின்னி, கல்யாணத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் காணுறேன்."

"மின்னும் மின்னும். நீங்க ஒருநாள் தேய்ச்சிட்டுண்டோ?" சேச்சி என் பக்கம் திரும்பினாள். "பெட்டியை அங்கே வை. இனி வெள்ளம் திளப்பிக்கிற ஜோலி உனக்கு."

படிப்பு முடியும்வரை அந்த வீட்டுக்குக் குடிநீர் காய்ச்சியவன் நான்தான். விருந்தாளி வந்தால், "எங்க பாண்டி போட்ட வெள்ளமாக்கும்" என்று சேச்சி தம்ளரை நீட்டுவாள்.

இட்லியை முடித்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். சாரும் சேச்சியும் காலமானது தெரியும். வீடு இருந்த இடத்தில் ஒன்பது மாடி, இருமுறை எண்ணினேன். காவலாளியிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"கிணறோ? அதொக்கெ மூடிப்போச்சு சார். மேலே கார் நிக்குது."

மாத்திரை போட வேண்டிய நேரம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எதிர்க்கடையைக் கை காட்டினார். போய் வாங்கினேன். நிறம் துளிகூட இல்லாத தண்ணீர், ஒரு லிட்டர், இருபது ரூபாய்.