அலசாத பாட்டில்

பாட்டிலைக் காதோரம் வைத்து இரண்டு தரம் குலுக்குகிறார். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை கிலுகிலுக்கிறது. சரி என்று தலையாட்டி, அதைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். காலை ஏழு மணி. ஆறு பாட்டில். ஆறும் சத்தம் கொடுத்த பிறகுதான் ஸ்கூட்டரைக் கிளப்புவார். "ஒரே ஒரு ஊமை பாட்டில் இருந்தாலும் நான் வாசப்படி தாண்ட மாட்டேன் சார்" என்றார்.

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் மாதிரி எடுப்பது இவருக்கு வேலை. தெருத் தெருவாகப் போய்க் குழாயைத் திறந்து, பிடித்து, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊருக்கு இவர் 'பாட்டிலக்கா'. நாற்பத்தைந்து வயதிருக்கும். நகம் சதையோடு வெட்டியிருக்கும். இரண்டு கையிலும் வளையல் கிடையாது. யார் வீட்டில் தண்ணீர் நீட்டினாலும் "இப்பதான் குடிச்சேன்" என்பார். அவர் வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

முகத்தை மட்டும் துடைத்த சிலேட்டு மாதிரி வைத்துக்கொள்வார். அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே கதவுகள் திறக்கும். யாரும் பாட்டிலைப் பார்க்க மாட்டார்கள், இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "கொஞ்சம் முகம் சுளிச்சாப் போதும் சார், தண்ணியில புழுன்னு நாலு தெருவுக்குப் போயிடும். அதான் நான் சிரிக்கறதும் இல்லே, சுளிக்கறதும் இல்லே. கல்லு மாதிரி போவேன், கல்லு மாதிரி வருவேன்."

ஊரின் கிழக்குப் பக்கத்தில் கேபிள் போடத் தோண்டினவர்கள் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். சாக்கடைக் குழாய் அதற்கு ஒரு முழம் தள்ளி ஓடுகிறது. பத்து நாளாகச் சுவரெல்லாம் மஞ்சள் நோட்டீஸ்: தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடிக்கவும். அந்த நோட்டீஸைப் பற்றி எழுதத்தான் பத்திரிகை என்னை இரண்டு நாள் இவர் பின்னால் அனுப்பியது. நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி. இவரோடு அரைமணி நேரம் பேசிய பிறகு என் பையிலிருந்த தண்ணீரைக்கூட நான் தொடவில்லை.

"கலங்கலாத் தண்ணி வந்தா எனக்குப் பயம் இல்லே சார். ஜனங்களே குடிக்க மாட்டாங்க. கண்ணாடி மாதிரி வருது பாருங்க, அதான் பயம். வாசம் இருக்காது, ருசி மாறாது, ஜில்லுனு இருக்கும். இன்னொண்ணு, நான் எடுத்துட்டுப் போறது இன்னைக்குத் தண்ணி. ஆய்வுக்கூடத்துல பதில் வர ஒரு முழு நாள் ஆகும். அதுக்குள்ள அது எல்லாருடைய வயித்துலயும் நேத்துத் தண்ணி ஆயிடும்." இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

வேலை செய்யும் முறையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் குழாயின் வாயைத் துணியால் துடைப்பார். பிறகு ஸ்பிரிட் பந்தத்தைக் கொளுத்தி அந்த வாயைச் சுற்றிலும் சுடுவார். குழாயில் ஒட்டியிருக்கிற கிருமி தண்ணீரின் பேரில் பழியாக விழக்கூடாதே! பிறகு மூன்று நிமிஷம் தண்ணீரை ஓடவிடுவார். கடைசியில் மூடியைத் திறந்து நேராகப் பிடித்து, கழுத்துக்குக் கீழே நிறுத்தி, மூடிவிடுவார். பாட்டிலை அலசவே கூடாது. தண்ணீரில் கலந்திருக்கிற குளோரினை அந்த வெள்ளை மாத்திரை அடக்கிவைக்கும். அலசினால் மாத்திரை போய்விடும். போனால், வழியெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டு வரும். குழாயில் விஷம் ஓடினாலும் ஆய்வுக்கூடத்தில் சுத்தம் என்று பதில் வரும்.

ஆனால் எந்த வீட்டில் எந்தப் பெண் அலசாமல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்திருக்கிறாள்? புத்தி வேண்டாம் என்றாலும் கை அலசிவிடும். "இந்தக் கையோட நாலு வருஷமா சண்டை சார்" என்று இடதுகையைத் தூக்கிக் காட்டினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி எடுத்துவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்தாவது பாட்டில் அவருடைய தங்கை வீட்டுப் பின்கட்டுக் குழாயில். அம்மா போன பிறகு இவர் தூக்கி வளர்த்த தங்கை. அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. தாய்ப்பால் இல்லை, டப்பாப் பால்தான். அதனால் அந்த வீட்டில் பத்து நாளாக அடுப்பு அணையவில்லை. "அக்கா, கையெல்லாம் சுட்டுக்கிட்டேன், எப்பதான் நல்ல சேதி சொல்லப்போறே?" என்று தங்கை தோளில் குழந்தையோடு நின்று கேட்டாள். "நாளைக்குப் பதில் வரட்டும்டி. அது வரைக்கும் காய்ச்சு." அக்கா பந்தத்தைக் கொளுத்திக் குழாயைச் சுட ஆரம்பித்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கொடுத்துவைச்ச குழாய் அக்கா இது. எங்க வீட்டுல எனக்குக் காபி கூட இவ்வளவு சூடா வர்றதில்லே" என்றேன்.

பாட்டிலக்கா சிரித்துவிட்டார். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். தங்கையே வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நோட்டைத் திறந்து என் நகைச்சுவையை நானே எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஐந்தாவது பாட்டில் நிரம்பிப் பெட்டிக்குள் போயிருந்தது.

ஆறாவதையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் வழியில் திடீரென்று ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். பின்னால் என் வண்டியில் வந்த நானும் நிறுத்தினேன். அவர் இடதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சாவது பாட்டில்... நான் அலசினேனா?"

"இல்லக்கா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். நேராத்தான் பிடிச்சீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் நீளமாக மூச்சுவிட்டு, "பொழைச்சேன்" என்றார். அதன் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன்னால், வேலைக்கு வந்த முதல் மாதம், பாட்டிலுக்குள் ஏதோ வெள்ளையாகக் கிடக்கிறதே என்று நன்றாக அலசிவிட்டுப் பிடித்திருக்கிறார். சுத்தம் என்று பதில் வந்தது. நோட்டீஸைக் கிழித்தார்கள். அந்த வாரமே இவர் தெருவில் முப்பது பேர் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். மூன்று வீடு தள்ளி இருந்த தையல்காரர் எழுந்திருக்கவே இல்லை. "எனக்கு ரவிக்கை தைச்சுக் குடுத்தவரு சார். ஏன்னு யாருக்கும் தெரியலே. அடுத்த மாசம் ஆய்வுக்கூடத்துக் கெமிஸ்ட் பாட்டிலைப் பத்திச் சொல்லிக் குடுத்தப்ப எனக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. வெளியில சொல்ல தைரியம் வரலே." பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இதைக் கேட்ட பிறகு நான் சொன்ன பொய்யை எப்படி விழுங்குவது? வாயைத் திறக்கலாம் என்று நினைப்பதற்குள் ஆய்வுக்கூடத்தின் வாசல் வந்துவிட்டது. பாட்டில்கள் உள்ளே போயின. அலசியிருக்க மாட்டார், நாலு வருஷப் பழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குக் கெமிஸ்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "ஆறும் சுத்தம்மா! நோட்டீஸை எடுத்துடலாம்." பதிவேட்டைத் திருப்பி வைத்தார். 'அலசாத பாட்டிலில் முறைப்படி எடுக்கப்பட்டது' என்று அச்சடித்த வரிக்குக் கீழே இவர் கையெழுத்துப் போட வேண்டும். இவர் பேனாவைத் திறந்தார். நிப்பு காகிதத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. நான் பாக்கலே. எழுதிக்கிட்டு இருந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார், அவ்வளவுதான். பேனாவை மூடிவிட்டுக் கெமிஸ்ட் பக்கம் திரும்பினார். "சார், அஞ்சாவது வேணாம். அதை நம்ப முடியாது. இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்."

கெமிஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "வீணாப் பயப்படாதேம்மா. நீ அலசியிருக்கவே மாட்டே. இன்னும் ஒரு நாள் தள்ளினா மேலிடத்துல ஏன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் உன் வேலையைப் புதுப்பிக்கணும், ஞாபகம் வெச்சுக்கோ."

"கேக்கட்டும் சார். நானே சொல்றேன். நாலு வருஷத்துக்கு முந்தி ஒண்ணு இருக்கு, அதையும் சேத்துச் சொல்லிடறேன்." அலமாரியிலிருந்து புதுப் பாட்டில் ஒன்றை எடுத்தார். அன்று அதைக் குலுக்கிப் பார்க்காமலே பெட்டியில் போட்டார்.

தங்கை பின்கட்டில் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை துணி விரிப்பில் தூங்கியது. அடுப்பு அணைந்திருந்தது. பாட்டிலக்கா முதலில் பார்த்தது அந்த அடுப்பைத்தான்.

"ஏண்டி, காய்ச்சலையா?"

"நேத்தே விட்டுட்டேனே! நல்ல தண்ணிதானே?"

"யாருடி சொன்னா?"

"யார் சொல்லணும்? நேத்து இதே இடத்துல நீ சிரிச்சியே! பத்து நாளா உம்முனு வந்துட்டுப் போறவ, நேத்து பல்லைக் காட்டிச் சிரிச்சா என்னன்னு நினைப்பேன்? வாயால சொல்லக்கூடாது, அதான் சிரிச்சுக் காட்டிட்டுப் போறேன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டேன். எங்க தெருவுக்கு உன் மூஞ்சிதானேக்கா நோட்டீஸு!"

நேற்று நான் நோட்டில் எழுதிக்கொண்ட வரி நினைவுக்கு வந்தது. காபி கூட இவ்வளவு சூடா வர்றதில்லே! பாழாய்ப்போன வாய்.

"எத்தனை தரம் குடுத்தே?"

"நேத்து மத்தியானத்துல இருந்து... அஞ்சு, ஆறு இருக்கும். ஏங்க்கா?" அவள் குரல் இறங்கியது. "விடிய ஒரு தரம் கக்கினான். பால் ஜாஸ்தியாயிடுச்சுன்னு..."

பாட்டிலக்கா குனிந்து புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். எடுக்க நேரமாயிற்று. "இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. தண்ணி சந்தேகம்னு சொல்லு. பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டுப் போ, யாரும் குடிக்க வேணாம்." தங்கை எதுவும் கேட்காமல் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

குழாயைத் துடைத்தார். சுட்டார். மூன்று நிமிஷம் ஓடவிட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. இடதுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புடவைத் தலைப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"இந்தத் தரம் நோட்டை மூடி வைங்க சார். பாருங்க" என்றார். வலதுகையால் பாட்டிலை எடுத்து என் காதோரம் நீட்டினார். அவர் குலுக்கவில்லை. மாத்திரை தானாகவே கிலுகிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது.