அப்பா பெயரில் போன டப்பா

என் தம்பி அமெரிக்காவுக்குப் போன நாலாவது வருஷம் அவனுக்குத் திடீரென்று அப்பாவின் குடல்மேல் அக்கறை வந்தது. அவனோடு வேலை பார்த்த ஒருவருடைய தகப்பனார் பெருங்குடல் புற்றுநோயில் போய்விட்டாராம். அந்த ஊரில் வயதானவர்கள் மலத்தைக் கொடுத்துச் சோதித்துக்கொள்வார்களாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தால்கூட அதில் தெரிந்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமைக் காலை போனில் இதையெல்லாம் தானே கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னான்.

"அக்கா, தஞ்சாவூர்ல ஒரு லேப்ல பேசிட்டேன். அப்பாகிட்ட சாம்பிள் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துடு."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கென்ன, அவங்க ஸ்ட்ராங். அப்பாவை நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

அந்த வருஷம் அம்மாவின் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு ரவிக்கை தைத்த பிறகும் ஏன் இளைக்கிறாய் என்று கேட்கத் தோன்றாத கணக்கு டீச்சர். தம்பியைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. "எவனோ ஒருத்தன் டப்பாவைத் திறந்து என்னுதைக் கிளறிப் பார்க்கணுமா? நம்ம குடும்பம் என்ன, கௌரவம் என்ன!" என்று கத்தினார். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குக் கழிப்பறை வந்தது தம்பி அனுப்பிய பணத்தில்தான். அதற்கு முன்னால் ஐம்பது வருஷம் அவர் வாய்க்கால் கரையில் குந்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரித்தவர். அப்போதெல்லாம் எங்கேயோ போயிருந்த கௌரவம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்துவிட்டது.

மகனை நேரடியாக முடியாது என்று சொல்லவும் அவருக்குத் துணிச்சல் இல்லை. மாதாமாதம் அவன் போடும் சோறு. அதனால் அம்மா பக்கம் திரும்பி, "அவன் கேட்கிறதை நீயே பார்த்து ஏதாவது கொடுத்தனுப்பு" என்றார்.

இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அப்பாவின் உடம்புக்கு ஆக வேண்டியதை எல்லாம் அம்மாவின் உடம்புதான் செய்யும். அவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மாரியம்மன் கோயிலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறும் தரையில் போட்ட மண்சோற்றைக் குனிந்து வாயால் சாப்பிட்டது அம்மா. அவருக்குச் சனி பிடித்திருக்கிறது என்று ஜோசியர் சொன்னபோது சனிக்கிழமை தோறும் பட்டினி கிடந்ததும் அம்மாதான். அவர் அந்தச் சனிக்கிழமைகளில் கத்திரிக்காய்ப் பொரியல் சரியில்லை என்று குறை சொல்வார். வேண்டுதலுக்கு ஆள் மாறலாம் என்றால் டப்பாவுக்கு மட்டும் ஏன் மாறக்கூடாது என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். அம்மா டப்பாவை நியூஸ் பேப்பரில் சுற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து நீட்டினாள்.

"உங்கப்பா கொடுத்துட்டாங்க."

உள்ளே அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பேசாம எடுத்துட்டுப் போ. அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வேணாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தஞ்சாவூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். லேப்பில் இருந்த பெண் டப்பாவின்மேல் அப்பாவின் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டினாள். அம்மாவின் உடம்பைப் பற்றி முதல்முறையாக ஒரு டாக்டர் கேள்விப்படப் போகிறார், அதுவும் அப்பாவின் பெயரில்.

இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வாங்கப் போனேன். ரத்தம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. "இதை வச்சே புத்துநோய்னு சொல்ல முடியாதுங்க. மூலமாக்கூட இருக்கலாம். ஆனா உள்ளே டியூப் விட்டுப் பார்த்துடணும். பெரியவரைத் தள்ளிப்போடாம அழைச்சிட்டு வாங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் கொடுத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் பெயரையே இரண்டு தடவை படித்தார். பிறகு அது தன்னுடையது இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் ரத்தம் திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன். காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, "காபி கொண்டாரச் சொல்லு" என்றார்.

அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மனிதரை நான் அதற்குப் பிறகு அப்பா என்று கூப்பிட்டிருக்கிறேன், சோறு போட்டிருக்கிறேன், மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மன்னித்ததில்லை.

சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு மூலம்டி. ரொம்ப நாளாவே இருக்கு. இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே" என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் மூன்று வாரம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். மானங்கெட்ட சத்தியம்.

லேப்பில் கேட்டு ரிசல்ட்டைத் தெரிந்துகொண்ட தம்பி விழுந்தடித்துக்கொண்டு பறந்து வந்தான். வந்தவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். மகனை ஏமாற்றியதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதனால் தனக்கில்லாத வியாதியை மூஞ்சியில் வரவழைத்துக்கொண்டு படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமைத்துப் போட்டாள். தஞ்சாவூரில் அப்பாவுக்குப் பேதி மருந்து கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, குடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

"லேப்பெல்லாம் ஃபிராடு" என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். அப்பாவும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். டப்பா உண்மையைத்தான் சொன்னது. அந்த வீட்டில் உண்மை சொன்னது அது ஒன்றுதான்.

அப்பா பிழைத்தால் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளாம். ஊர் வாயை அடைக்கவா, இல்லை நிஜமாகவே பயந்துவிட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குடும்பத்தோடு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனோம். மொட்டை போடுகிற இடத்தில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீரை ஊற்றித் தலையை நனைத்ததும் முடி ஒட்டிக்கொண்டு, அவள் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது என்று தெரிந்தது. அப்பா பக்கத்துக் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

நான் தம்பியை இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னேன். "அது அப்பாவோடது இல்லடா. அம்மாவோடது."

"அப்ப நான் இவ்வளவு தூரம் வந்தது எதுக்கு?" என்றான்.

நடுத்தெருவில் அவனை அறைந்தேன். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருந்த, முப்பத்தைந்து வயதுத் தம்பியை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பது உறைத்தது.

அதே வாரம் அம்மாவை அழைத்துப்போனோம். ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இடம் விட்டார்கள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் அம்மா பழக்கதோஷத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் மின்விசிறியைப் பார்ப்பார். பெருங்குடலில் கட்டி இருந்தது. புற்றுதான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அறுவை செய்து எடுத்தார்கள். அம்மா பிழைத்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூட அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சொந்தக்காரர்கள் இப்போது அம்மாவைப் பார்க்க வந்தார்கள். டப்பா மாறிய விஷயத்தை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெயரில் வந்த ரிசல்ட், அவருக்கு ஒன்றுமில்லை, பெண்டாட்டிக்குக் கட்டி. இது போதாதா நம் ஜனங்களுக்கு? புருஷனுக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்ட உத்தமி என்று பேச ஆரம்பித்தார்கள். அப்பா முதலில் மறுக்காமல் இருந்தார். பிறகு ஆமாம் போட்டார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார்.

மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒரு தூரத்து அத்தையிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வந்ததுங்க. மண்சோறு சாப்பிட்டு, மொட்டை போட்டு, அவ இழுத்துக்கிட்டா."

அத்தை அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தலையில் அரை விரற்கடை முடி முளைத்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் வரலைங்க. அது என்னுது. டப்பாவுல போனதும் என்னுதுதான்."

நாற்பது வருஷத்தில் என்னுது என்று அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொருள் அதுதான். அத்தை கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, அத்தைக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

"நீங்களே போய்ப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றாள் அம்மா.