வண்ணம் தாங்கி நின்ற தூண்கள்

விவேக் நகர்ப் பக்கத்திலிருந்து ஈஜிபுராவுக்குக் குறுக்கே செல்ல, ராஜகாலுவே எனப்படும் பெருவடிகாலின்மேல் ஒரு மரப்பாலம் உண்டு. வெள்ளையரின் படைவீடு இருந்த நாளில், தேக்குத் தூண்களின்மீது விட்டங்களைக் கிடத்திப் பலகை பாவி அமைத்தது; ஓரத் தூண்கள் தளத்துக்கு மேலும் ஆளுயரம் எழுந்து கைப்பிடிகளைத் தாங்கும். இன்றும் ஆட்டோக்கள் அதன்மேல் செல்கின்றன. பலகைகள் தடதடக்கும் ஓசை என் வீட்டு மாடிவரை கேட்கும். மரங்களின் இழையமைப்பை ஆராய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தமையால், பாலத்தைச் செப்பனிட முற்பட்ட மாநகராட்சி என்னை ஊதியமில்லா அறிவுரைஞனாக அழைத்தது. ஊதியமின்மையை நான் பொருட்படுத்தவில்லை. அப்பணியில் எனக்கு வாய்த்த பகைவரை மட்டும் இன்றுவரை பொருட்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

அவர் பாலத்தின் கிழக்கு முனையில் டயர்க் கடை வைத்திருப்பவர். கன்னடர்; தமிழை என்னினும் விரைவாகப் பேசுவார், கேட்கச் சகியாத வகையில். அப்பகுதி இளைஞர் சங்கத்துக்கும் அவரே தலைவர். ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள், கன்னட மாநிலம் உருவான விழாவின்போது, சங்கத்தார் பாலத்தின் தூண்களுக்கும் கைப்பிடிகளுக்கும் மஞ்சளும் சிவப்புமாக எனாமல் பூசுவர். பழைய பூச்சைச் சுரண்டும் வழக்கமில்லை. அதன்மேலேயே புதியது; மறு ஆண்டு அதற்கும் மேலே ஒன்று. நான் ஆய்வுக்குச் சென்றபோது அதைப் பூச்சு என்றே சொல்ல இயலவில்லை. தூணுக்கு மாட்டிய தோலுறை போல விரல் தடிமனுக்கு இருந்தது.

மரம் மூச்சுவிட வேண்டும் என்று பலர் எளிமைப்படுத்திச் சொல்வர். எனக்கு அச்சொல்லாட்சியில் உடன்பாடில்லை. நிகழ்வது இதுதான்: தூணின் தலைப்பிலுள்ள வெடிப்புகளின் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் வெயிலில் உலர்ந்து வெளியேறப் பக்கங்கள் திறந்திருத்தல் வேண்டும். எனாமல் அவற்றை அடைத்துவிட்டால், தங்கிய ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து தேக்கையும் தின்றுவிடும். கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தேன். சில கணீரென்றன. சில, வெறும் பெட்டியைத் தட்டினாற்போல் பொத்தென்றன.

மாநகராட்சியின் செயற்பொறியாளர் ஒரு பெண்மணி. தங்கவயல் பக்கத்துத் தமிழர். மழுப்பத் தெரியாதவர்.

“சார், சத்தத்த வெச்செல்லாம் மேல ஒத்துக்க மாட்டாங்க. பெயின்ட்ட எடுத்துட்டு உள்ள எவ்ளோ போயிருக்குன்னு காட்டுங்க. மழைக்கு முன்னாடி வேலை முடியலைன்னா, இடிச்சுட்டு கான்க்ரீட்டு போடச் சொல்லிடுவாங்க. எனக்கு அதுதான் ஈஸி, பொய் சொல்லமாட்டேன்.”

ஆக, பூச்சு அகன்றால் பாலம் பிழைக்கும். இல்லையேல் கோடை முடிவதற்குள் அது விறகு.

தச்சர்களுடன் நான் சுரண்டத் தொடங்கிய அன்றே, டயர்க் கடைக்காரர் தம் ஆட்களுடன் வந்து நின்றார்.

“யஜமான்ரே, இன்னா பண்றீங்க?”

“பூச்சை அகற்றுகிறோம்.”

“அது பூச்சு இல்ல. எங்க பாவுட்டா.” கொடியைக் கன்னடத்தில் அவ்வாறு சொல்வர்.

“கொடிக்கு நான் பகையல்லேன். எனாமலுக்குத்தான்.”

“நல்லா பேசறீங்க. எந்த ஊர்ல நின்னு பேசறோம்னு மட்டும் மறந்துட்டீங்க.”

“நீங்கள் பிறக்குமுன்பே இவ்வூருக்கு வந்தவன் நான்.”

“வந்தவன்னு நீங்களே ஒத்துக்கினீங்களே, சாமி!”

கூட்டம் சிரித்தது, தச்சர்களுள் ஒருவனும் சிரித்தான். “உங்கள் நாட்டுப்பற்று எனாமல் தடிமனுக்குத்தான் உள்ளது” என்றேன். அவ்வாறு சொல்லியிருக்கலாகாது என்று பின்னர்ப் பலர் கூறினர். நான் அவ்வாறு கருதவில்லை.

தச்சர்கள் உளிகளைச் சுருட்டிக்கொண்டு போயினர். மறுநாள் முதல் எங்கள் நிறுத்தத்து ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பினர். தண்ணீர்க் கேன் போடுபவர் என் வீட்டைத் தாண்டிச் சென்றார். ஒரு காலையில் என் வாயிற்கதவு முழுதும் மஞ்சளும் சிவப்பும் அப்பப்பட்டிருந்தன. அது இரும்புக்கதவு. இரும்புக்கு எனாமல் நன்றே என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் நெருங்கியது. செயற்பொறியாளர் இரு தரப்பையும் பாலத்துக்கே வரவழைத்தார். என் விளக்கத்தை டயர்க் கடைக்காரர் பாதியிலேயே வெட்டினார்.

“மேடம், இவர் பேச்செல்லாம் வேணாம். நானே ஒரு தூண சுரண்டறேன், எல்லார் முன்னாடியும். உள்ள மரம் நல்லா இருந்துச்சுன்னா, இவர் இனிமே பாலத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது. சரியா, யஜமான்ரே?”

“எந்தத் தூண்?”

“என் கடை எதிர்ல இருக்கறது. தினம் நான் சாஞ்சு நின்னு டீ குடிக்கிறது.”

அத்தூண் தட்டியபோது தெளிவாகவும் ஒலிக்கவில்லை, பொத்தென்றும் ஒலிக்கவில்லை. நல்ல மரமாக இருந்தால் என்னோடு பாலமும் தொலையும். மறுக்க வழியிருந்தது. ஆயினும் அவர் முகத்தில் இருந்த இளிப்பைக் கண்டபின் மறுக்க மனம் வரவில்லை. தலையசைத்தேன்.

டயரைக் கழற்றும் இரும்புப் பட்டையை எடுத்து வந்து, கண்மட்டத்தில் எனாமலுக்கடியில் செருகி நெம்பினார். பாளம் பாளமாகப் பூச்சு உரிந்தது. அடியில் பழுப்பு நிறத் தேக்கு, இழை இழையாக, குறையின்றி. கூட்டம் சீட்டியடித்தது. “பாத்துக்கோங்க, யஜமான்ரே! கல்லு மாதிரி!” அவர் உற்சாகமாகக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டே போனார். தூண் பலகைத் தளத்தைத் தொடும் இடத்தில் ஓங்கிக் குத்தியபோது, பட்டை அவர் பிடித்திருந்த இடம்வரை உள்ளே புதைந்தது. தடுமாறித் தூணிலேயே முட்டிக்கொண்டார். வெளியே இழுத்ததும், தேநீரில் ஊறிய ரொட்டிபோல் மரம் பிதுங்கி விழுந்தது. உள்ளே ஒருவர் கையை நுழைக்கும் அளவுக்குப் பொந்து. அவ்விடத்தில் தூணைத் தாங்கி நின்றது எனாமலே.

அவர் முதலில் தெளிந்தார்.

“முன்னாடியே நீங்க ஏதோ ஊத்தி வெச்சிருக்கீங்க!”

அவர் ஆட்களுள் ஒருவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செயற்பொறியாளர் அங்கேயே பாலத்தை மூடச் சொன்னார். தடுப்பு டயர்க் கடையின் எதிரே வைக்கப்பட்டது. “வண்டி வராம பஞ்சர் ஒட்ட எவன் வருவான்? என் பொழப்புல மண்ணு போட்டுட்டியே!” என்று கடைக்காரர் என்மீது பாய்ந்தார். மரியாதைப் பன்மை அன்றோடு ஒழிந்தது.

“நடந்து வருபவர்களுக்குப் பஞ்சர் ஆவதில்லைதான்” என்றேன்.

அதன்பின் வேலையை எவரும் தடுக்கவில்லை. இற்ற அடிப்பகுதிகளை அறுத்தெடுத்து, சாய்வாகச் செதுக்கிய புதுத் தேக்கைப் பழைய தூணோடு பொருத்தித் திருகாணிகளால் முடுக்கினர். தலைப்புகளில் நீர் இறங்காதபடி செப்புத் தகடு கவிழ்த்தனர். முதல் மழைக்கு முன்னரே பாலம் திறக்கப்பட்டது. திறப்பன்று அவர் கடைவாயிலில் எனக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்.

நவம்பரில் தூண்களில் எனாமல் ஏறவில்லை. மாறாக, மஞ்சளும் சிவப்புமான துணிகளைக் கைப்பிடி நெடுகச் சுற்றிக் கட்டியிருந்தார்.

“துணி நனைந்தால் அடியில் மரமும் நனையும்” என்றேன்.

“மாசம் பூரா இருக்கும். போய் உன் வேலையப் பாரு.”

மாதம் முடியுமுன், ஒரு பிற்பகல் தூறல் விழுந்தது. குடையுடன் நான் மேற்கு முனைக்குச் சென்றபோது, அவர் வைதுகொண்டே முடிச்சுகளை அவிழ்த்துத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, “ஏன் குரு, மாசம் முடியலையே?” என்றார்.

“முடியலதான். நனைஞ்சுச்சுன்னா அந்தக் கெழம் கொட்டாப்புளியத் தூக்கினு வந்து எல்லார் முன்னாடியும் தட்டிக் காட்டும். அதுகிட்ட இன்னொரு வாட்டி தோக்கணுமா நான்?”

பிறகுதான் என்னைக் கண்டார். வடிகாலுக்குள் காறித் துப்பினார். நான் பலகைகளின்மேல் நடந்து அவரைக் கடந்தேன். கடக்கும்போது, துணி அவிழ்த்த கைப்பிடியின் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தடவினேன். உலர்ந்திருந்தது. அவர் பார்க்கும்படிதான் தடவினேன்.