கூடையில் முயல் கொண்டுவந்தவர்

மலேசியாவின் பகாவ் நகரில், கால்நடை மருத்துவரிடம் என் பூனையோடு காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர், வாட்டசாட்டமான ஆள். மடியிலிருந்த கூடைக்குள் ஓர் இளம் வெள்ளை முயல். குனிந்து குனிந்து அதனிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையாண்ணே?" என்றேன்.

"போன வாரம் வரைக்கும் மடியிலதான் தூங்கும்லா. இப்ப கூண்டுல கை வெச்சா உறுமிக்கிட்டுப் பாயுது. யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு வீட்டுல சொல்றாங்க."

வெளியே வந்த மருத்துவர் அங்கேயே முயலைப் பார்த்துவிட்டு, "பருவம் வந்துருச்சு. கூண்டு தன்னோட இடம்னு காவல் காக்குது. கருத்தடை ஆபரேஷன் பண்ணா கொஞ்ச வாரத்துல அடங்கிரும்" என்றார்.

"கோவம் போனாலும் இது இதுவாவே இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்ண்ணே."

ஓட்டுநர் சம்மதித்தார். தடவிக்கொடுக்கக் கூடைக்குள் கையை நுழைத்தவரின் விரலை முயல் நறுக்கென்று கடித்தது. ரத்தம் துளிர்த்தது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகக் கூடையை வாங்க வந்த உதவியாளர் பெண்ணிடம், "மெதுவாலா, பயந்திருக்கு" என்றார்.

நான் கோபத்தை மட்டுமே பார்த்த இடத்தில் அவருக்குப் பயம் எப்படித் தெரிந்ததோ!