ரத்தம் கலந்த விதை

உலகப்போர் நடந்த காலம். ரங்கூன் அரிசி வரவு நின்றுபோயிருந்தது. கொல்லிமலையில் இரண்டு வருடமாகச் சரியான மழை இல்லை. அந்த மலையின் குண்டனி நாடு என்ற பகுதியில் சரிவான ஒரு துண்டு நிலம் பெருமாயிக்கு இருந்தது. கணவன் காளியண்ணனைக் காட்டுப்பன்றி குத்திக் கொன்ற பிறகு, ராமாயி, கண்ணாயி என்ற இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளே அதைக் கொத்தி விதைத்தாள்.

வீட்டில் மிஞ்சியது ஒரு பானை விதைக் கேழ்வரகுதான். வாயைச் சாணியால் மூடி வைத்திருந்தாள். ஏழு வயதுக் கண்ணாயி ஒருநாள் அதைப் பெயர்த்து இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டாள். பெருமாயி புளியம் விளாரை எடுத்தாள். காலில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"பசிக்குதம்மா!"

"எனக்குந்தான் பசிக்குது. இதையும் தின்னுட்டா வர்ற வருசத்துக்கு எதடி வெதைக்கறது? மூணு பேரும் சாவோணுமா?"

அப்புறம் தானும் அழுதபடி காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். மறுநாள் இருவரையும் கிழங்கு தோண்டக் கூட்டிப்போய், தின்னக்கூடிய கொடி எது, தொண்டையை அரிக்கும் கொடி எது என்று காட்டினாள்.

ஆடியில் முதல் மழை விழுந்த மறுநாள் காலை, அடிவாரத்திலிருந்து மூன்று பேர் தடியோடு வந்தார்கள். ஒருவன் பெருமாயியைத் தோளில் அடித்து வீழ்த்தினான். இன்னொருவன் பானையைத் தூக்கினான். அவன் காலைக் கட்டிக்கொண்ட ராமாயியை உதைத்துக் கல்மேல் தள்ளினான். பெருமாயி எழுந்தாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவி வீசினாள். அது அவன் மணிக்கட்டில் இறங்கியது. பானை விழுந்து உடைந்தது. மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள்.

வெட்டுப்பட்டவன் தரையில் உட்கார்ந்தான். "ஊட்டுல நாலு கொழந்தைங்க பட்டினி கெடக்குதுங்க" என்றான்.

பெருமாயி சேலையைக் கிழித்துக் கையைக் கட்டி அனுப்பினாள். பிள்ளைகள் தானியத்தைப் பொறுக்கி, ரத்தத்தைக் கழுவினார்கள். அன்றே விதைத்தார்கள்.

கொஞ்சநாள் கழித்து உப்பு விற்க வந்தவன் சேதி சொன்னான். வெட்டுப்பட்டவன் கை சீழ் பிடித்துச் செத்துப்போனான். பெயர் சின்னமுத்து. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் அவனும் ரெண்டு ஏக்கர் விவசாயிதான். அன்று பெருமாயி சாப்பிடவில்லை.

மார்கழியில் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளைகளோடு இறங்கினாள். சின்னமுத்துவின் மனைவி ஆத்தாயி வாசலில் நின்றாள்.

"உங்க ஊட்டுக்காரரை வெட்டுனது நாந்தாங்க."

ஆத்தாயி உலக்கையால் ஓங்கி அடித்தாள். நெற்றி பிளந்தது. மூட்டை அவிழ்ந்து கேழ்வரகு சிதறியது. அந்த வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்து பச்சையாகவே வாயில் அள்ளிப் போட்டார்கள். கண்ணாயி போய்ச் சின்னவன் கையைப் பிடித்தாள்.

"எல்லாத்தையும் தின்னுடாத சாமி. கொஞ்சம் வெதைக்கோணும்."

ஆத்தாயி உலக்கையைக் கீழே போட்டாள்.

பெருமாயி அதன் பிறகும் வருடம் தவறாமல் அங்கே போய்வந்தாள். ஆத்தாயி மூட்டையை வாங்கிக்கொள்வாள். ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.